கூட வந்தவர் யார்?



சென்ற இதழில் இந்தப் பக்கம் வரவில்லை. ஆசிரியருக்கு உடம்பு சரியில்லையா என்று கடிதத்திலும் தொலைபேசியிலும் பலர் விசாரித்திருந்தீர்கள். எனக்கு ஒன்றும் இல்லை. என் கணவருக்குக் காசியில் மாரடைப்பு வந்தது. இப்போது நலமாக இருக்கிறார். காலையும் மாலையும் தெருமுனை வரை நடந்துவிட்டு வருகிறார், சாம்பாரில் உப்புப் போதவில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறார். அந்தக் குறை காதில் விழும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

நடந்ததை விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்த இதழைப் படிப்பவர்களில் பாதிப்பேராவது ஐம்பது வயதைக் கடந்தவர்கள். யாத்திரை போகிறீர்கள், பேரப்பிள்ளையைப் பார்க்கக் கடல் கடந்து போகிறீர்கள், மகளின் பிரசவத்துக்காக மாதக்கணக்கில் மும்பையிலும் புனேயிலும் தங்குகிறீர்கள். கணவனும் மனைவியுமாகக் கிளம்புகிற இடத்தில் ஒருவர் சட்டென்று படுத்துவிட்டால் மற்றவர் எப்படி நிற்பது என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. படுத்தவரை மருத்துவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். நான் எழுத நினைப்பது கதவுக்கு வெளியே நிற்பவரைப் பற்றி.

மாமனாரின் திதிக்காகப் போயிருந்தோம். பிரயாகையை முடித்துவிட்டுக் காசிக்கு வந்து, அனுமன் காட் படித்துறையை ஒட்டிய ஒரு சந்தில் தமிழ் வாத்தியார் ஒருவரின் வீட்டில் தங்கியிருந்தோம். பாரதியார் இளம் வயதில் தன் அத்தை வீட்டில் தங்கிப் படித்த அதே அனுமன் காட். ஒரு நாள் விடியும் முன்பே எழுந்து உட்கார்ந்த என் கணவர், நெஞ்சை அடைக்கிறது, வாயுதான், சோடா குடித்தால் சரியாகிவிடும் என்றார். வாத்தியார் வீட்டு மாமி விளக்கைப் போட்டார். அவர் நெற்றியைப் பார்த்தார், சட்டையைத் தொட்டார். குளிர் காலத்தில் சட்டை நனைந்திருந்தது. "வாயுவுக்கு இப்படி வேர்க்காது. கிளம்புங்கோ" என்று சொல்லிவிட்டு மகனை எழுப்பப் போய்விட்டார். அந்த ஒரு வாக்கியத்தால்தான் என் கணவர் இன்று நடக்கிறார் என்று நான் நம்புகிறேன்.

காசியின் சந்துகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு மாடு எதிரே வந்தால் நாம் திண்ணையில் ஏறி நிற்க வேண்டும். ஆம்புலன்ஸ் உள்ளே வராது. வாத்தியாரின் மகனும் படித்துறையிலிருந்து ஓடிவந்த இரண்டு படகோட்டிகளும் அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, சோனார்புரா சாலை வரை தூக்கிக்கொண்டு போனார்கள். அவரை ஒரு அடி கூட நடக்க விடவில்லை. பக்கத்தில்தான் பிணங்களை எரிக்கும் அரிச்சந்திர காட். எதிரே ஒரு பாடை வந்தது. "ராம் நாம் சத்ய ஹை" என்று சொல்லிக்கொண்டே வந்தவர்கள், நாற்காலியைக் கண்டதும் குரலைத் தாழ்த்திச் சுவரோடு ஒதுங்கி எங்களுக்கு வழிவிட்டார்கள்.

அதே வீட்டில் தங்கியிருந்த நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் கூடவே நடந்து வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "காசியில போறதுக்குக் குடுத்து வெச்சிருக்கணும்மா" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். நானும் அந்த நம்பிக்கையில் வளர்ந்தவள்தான், அதைப் பழிக்க மாட்டேன். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு மோட்சம் வேண்டாம், அவர் வேண்டும். நோயாளியோடு நிற்பவரிடம் சாவைப் பற்றிய எந்த நல்ல சொல்லையும், அது எவ்வளவு புனிதமானதாக இருந்தாலும், தயவுசெய்து சொல்லாதீர்கள்.

முதலில் போனது ஒரு சிறிய நர்சிங் ஹோம். இ.சி.ஜி. எடுத்தார்கள், ஆஸ்பிரின் மாத்திரையைக் கடித்து மென்று விழுங்கச் சொன்னார்கள். மென்றால் மருந்து இரத்தத்தில் சீக்கிரம் கலக்கும். "எங்களிடம் அடைப்பைத் திறக்கும் கேத் லேப் இல்லை, இங்கே வைத்துக்கொண்டால் நேரம் போகும்" என்று அந்த இளம் மருத்துவர் நேர்மையாகச் சொல்லி, அடுத்த மருத்துவமனைக்குத் தானே பேசிவிட்டு அனுப்பினார். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயில் கட்டி அடைத்துக்கொண்டால், அதற்கப்பால் இருக்கும் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டே வரும். ஆஞ்சியோபிளாஸ்டி வசதியுள்ள மருத்துவமனைக்குள் நுழைந்த 90 நிமிடத்துக்குள் குழாயைத் திறந்துவிட வேண்டும் என்பது மருத்துவர்களின் இலக்கு. அப்படிப்பட்ட மருத்துவமனை அருகில் இல்லையென்றால் கட்டியைக் கரைக்கும் ஊசி உண்டு, அது வலி தொடங்கிய 12 மணி நேரத்துக்குள். அதுவும் எவ்வளவு முன்னதாகப் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. வலி நெஞ்சில்தான் வரும் என்றும் இல்லை. தாடை, முதுகு, இடது கை, மேல்வயிறு எங்கேயும் வரலாம். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் அசதியுமாக மட்டும் வந்துவிடுவது உண்டு.

பக்கவாதமாக இருந்தால் கேட்கப்படும் முதல் கேள்வி வேறு: "கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?" கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அங்கே நாலரை மணி நேரம்தான் கணக்கு. முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கை தூக்க வராவிட்டாலோ, பேச்சு குழறினாலோ கடிகாரத்தைப் பாருங்கள்.

இரண்டாவது மருத்துவமனையில் என்னிடம் வரிசையாகக் கேட்டார்கள். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்? எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா? சிறுநீரகம் எப்படி இருக்கிறது, கடைசியாகக் கிரியாட்டினின் எவ்வளவு? சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுக்கிறாரா? ஆஞ்சியோகிராமுக்குச் செலுத்தும் சாயத்தைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும், அதனால் அந்தக் கேள்விகள். என் கைப்பையில் அவருடைய மாத்திரைப் பெட்டி இருந்தது. ஞாயிறு முதல் சனி வரை ஏழு அறைகள், வெள்ளையும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாக மாத்திரைகள். அட்டையிலிருந்து பிரித்து அழகாக அடுக்கியிருந்தார். ஒன்றுக்கும் பெயர் தெரியாது.

எங்கள் தெருவில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் தம்பியைக் கூப்பிட்டேன். விடிந்தும் விடியாத நேரம். "அக்கா, ஒரு நிமிஷம்" என்றவர், கடையைத் திறந்து, பழைய பில்லைத் தேடி எடுத்துப் படம் பிடித்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பினார். மருத்துவர் அதை என் கையிலிருந்து வாங்கிப் படித்துக்கொண்டே உள்ளே போனார்.

இதை வீட்டுக்கு வந்த பிறகு நிறைய யோசித்தேன். நம் வீடுகளில் நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்குள்ளும் சில விஷயங்கள் ஒருவருக்கு மட்டுமே தெரிந்தவை. காப்பீடு, வங்கி, கடவுச்சொல் எல்லாம் அவர். என்ன சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாது, எந்த டாக்டர் எப்போது என்ன சொன்னார் என்பதெல்லாம் இவர். பாசத்தால் பிரித்துக்கொண்ட வேலைகள்தாம். "அதெல்லாம் அவர் பாத்துப்பார்", "அது அவளுக்குத்தான் தெரியும்" என்று பெருமையாகவும் சொல்லிக்கொள்கிறோம். நோய் வருகிற அன்று, தெரிந்தவர் மயங்கிக் கிடக்கிறார், தெரியாதவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எத்தனை பெண்களுக்குத் தங்கள் கணவரின் கைபேசியைத் திறக்கத் தெரியும்? எத்தனை ஆண்களுக்குத் தங்கள் மனைவி தைராய்டுக்குச் சாப்பிடும் மாத்திரையின் அளவு தெரியும்? எண்ணிப் பாருங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஆண்களை நான் மிகச் சிலரைத்தான் சந்தித்திருக்கிறேன். மாத்திரை அட்டைகளைப் படம் பிடித்து இருவர் கைபேசியிலும் வைத்துக்கொள்ள ஐந்து நிமிடம் ஆகாது. பூட்டிய கைபேசியிலும் தெரிகிற மாதிரி இரத்த வகை, நோய், கூப்பிட வேண்டிய எண் ஆகியவற்றை எழுதிவைக்க இப்போதைய பெரும்பாலான கைபேசிகளில் இடம் இருக்கிறது. பேரனைக் கேட்டால் செய்து தருவான்.

பணம். கவுன்டரில் முன்பணம் கேட்டார்கள். வாத்தியாரின் மகன்தான் பேசினார், முதலில் சிகிச்சையைத் தொடங்குங்கள் என்று. தொடங்கினார்கள். அப்படிக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்கு அரசு மருத்துவரானாலும் தனியார் மருத்துவரானாலும் உடனே சிகிச்சை தர வேண்டும் என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வங்காளத்தில் ஹக்கீம் ஷேக் என்ற விவசாயக் கூலித் தொழிலாளி 1992-ல் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். ஒவ்வொரு அரசு மருத்துவமனையாக ஏறி இறங்கியும் படுக்கை இல்லை, வசதி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் தனியார் மருத்துவமனையில் பணம் கட்டித்தான் பிழைத்தார். அவருக்காக அவருடைய சங்கம் தொடுத்த வழக்கில் 1996-ல் தீர்ப்பு வந்தது: அவசர சிகிச்சையை அரசு மருத்துவமனை மறுப்பது வாழும் உரிமையைப் பறிப்பது. தனக்குக் கிடைக்காததை நமக்கு வாங்கித் தந்த மனிதர் என்று அவரை நான் நினைத்துக்கொள்கிறேன்.

காப்பீடு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நம் காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் இல்லாத மருத்துவமனையிலும் பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் ஏற்பாடு 2024 தொடக்கத்திலிருந்து வந்திருக்கிறது. அவசரம் என்றால் சேர்த்த 48 மணி நேரத்துக்குள் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். மருத்துவமனை விண்ணப்பித்த ஒரு மணி நேரத்துக்குள் நிறுவனம் பதில் தர வேண்டும், வீட்டுக்கு அனுப்பும்போது மூன்று மணி நேரத்துக்குள் கணக்கை முடிக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதே ஆண்டு உத்தரவிட்டது. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு மற்ற மாநிலங்களிலும் திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் சிகிச்சை உண்டு. ரயில் டிக்கெட்டோடு 45 பைசாவுக்கு எடுக்கிறோமே, அந்தக் காப்பீடு ரயில் விபத்து போன்றவற்றுக்குத்தான், மாரடைப்புக்கு அல்ல. ஓடும் ரயிலில் உடம்புக்கு முடியாமல் போனால் 139-ஐ அழைத்து ரயில் எண், பெட்டி, படுக்கை எண் சொல்லுங்கள், டிக்கெட் பரிசோதகரிடமும் சொல்லுங்கள். அடுத்த பெரிய நிலையத்தில் மருத்துவரை வரவழைப்பார்கள். அடைத்த குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்டின் விலையைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒரு லட்சத்தைத் தாண்டி விற்ற மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. பிறகு அந்த வரம்பு அவ்வப்போது மாறியிருந்தாலும் அந்தக் கட்டுப்பாடு இன்றும் இருக்கிறது.

இவையெல்லாம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை. ஆனால் அந்த இரவுகளில் என்னைத் தாங்கியது இவை எதுவும் இல்லை.

என் கணவர் இருந்த ஐ.சி.யூ.வுக்கு வெளியே ஒரு நீண்ட வராந்தா. காசிக்குக் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரின் மேற்கு மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். காஜிபூர், பலியா, பக்சர், சசாரம் என்று ஊர்ப் பெயர்கள் காதில் விழுந்தன. கம்பளியும் அலுமினியத் தூக்கும் மூட்டையுமாகத் தரையில் குடும்பங்கள். இரவு எந்த நேரத்திலும் கதவு திறக்கும், காவலர் படுக்கை எண்ணைச் சொல்லி, கூட வந்தவர் யார் என்று உரக்கக் கேட்பார். வராந்தா முழுக்க நிமிர்ந்து உட்காரும். அந்த எண் தன்னுடையது இல்லை என்று தெரிந்ததும் ஒவ்வொருவரும் விடுகிற மூச்சு எனக்குக் கேட்கும். என்னுடையதும் அதில் இருந்தது.

எனக்கு இந்தியில் எண்கள் கூடச் சரியாக வராது. எனக்குப் பக்கத்தில் படுத்திருந்த பெண்மணி அதைக் கவனித்திருக்கிறார். பக்சர் பக்கம் ஒரு கிராமத்துக்காரர். அவருடைய கணவரும் உள்ளே இருந்தார். எங்கள் படுக்கை எண்ணைக் காவலர் கூப்பிடும்போதெல்லாம் என் தோளைத் தட்டுவார். ரொட்டியும் ஊறுகாயும் பிரித்து என் முன்னால் வைத்துவிட்டு, நான் சாப்பிடும் வரை தானும் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார். ஒரு முறை உள்ளேயிருந்து வந்த மருத்துவர் அவசரமாக இந்தியில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். எனக்கு உயிரே போய்விட்டது. அந்த அம்மா தன் கைபேசியில் யாருக்கோ பேசி, அதை என் காதில் வைத்தார்.

"அக்கா, பயப்படாதீங்க. நா திருப்பூர்ல இருக்கறனுங்க."

அவருடைய மகன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். கோயம்புத்தூர்க்காரர்கள் தோற்கிற மாதிரி கொங்குத் தமிழ். "டாக்டர் சொன்னத அம்மா கேட்டுட்டாங்க. ஐயாவுக்குப் பிரசர் கொஞ்சம் கம்மியா இருந்துச்சாமா, மருந்து குடுத்துச் சரி பண்ணிட்டாங்களாமா. காலைல நீங்க போய்ப் பாத்துக்கலாம்னு சொன்னாங்களாமா." அவ்வளவுதான். என் மொழியில் நாலு வாக்கியம். அந்த வராந்தாவில் நான் முதன்முதலாக அழுதது அப்போதுதான். தன் அப்பா உள்ளே கிடக்கும்போது, இயந்திரச் சத்தத்துக்கு நடுவிலிருந்து அந்தப் பையன் எனக்காகப் பேசினான். அதன் பிறகு மருத்துவர் வரும்போதெல்லாம் அவனைக் கூப்பிட்டுக்கொண்டோம்.

ஊரிலிருந்து வரும் அழைப்புகளை என் கொழுந்தனிடம் விட்டுவிட்டேன். அவருக்கு மட்டும் நான் சொல்வது, மற்ற எல்லோருக்கும் அவர் சொல்வது என்று ஏற்பாடு. ஒவ்வொரு உறவினருக்கும் முதலிலிருந்து சொல்லும்போது ஒவ்வொரு முறையும் அந்த விடியற்காலைக்குள் மறுபடி போய் வர வேண்டியிருக்கிறது, அதற்கு உடம்பில் தெம்பு இல்லை. டொரன்டோவில் இருக்கும் மகள் உடனே கிளம்புகிறேன் என்று அழுதாள். விமானச் சீட்டைவிட, அவள் அங்கிருந்தபடியே காப்பீட்டு நிறுவனத்தோடு மணிக்கணக்கில் பேசியதுதான் எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. தூரத்தில் இருக்கும் பிள்ளைகள் குற்ற உணர்ச்சியில் தவிப்பார்கள். அவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள்.

கூட நிற்பவரும் மாத்திரை சாப்பிடுகிறவராகத்தான் இருப்பார். தன்னுடையதை மறந்துவிடுவார். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், யாரையாவது உட்கார வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் கண்ணை மூடுங்கள். அது சுயநலம் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் பயம் உடனே போகாது. நடு இரவில் எழுந்து அவர் மூச்சு விடுகிறாரா என்று நான் இப்போதும் பார்க்கிறேன். இந்தப் பயம் வாரக்கணக்கில் உறங்க விடாமல் செய்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. ஸ்டென்ட் வைத்தவர்களுக்குக் கொடுக்கும் இரத்தக்கட்டியைத் தடுக்கும் மாத்திரைகளை, திரும்பி வரும் பயணத்தின் அலைச்சலில்கூட ஒரு வேளை தவறவிட வேண்டாம். மருத்துவர் சொல்லாமல் அவற்றை நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளக்கூடும். டிஸ்சார்ஜ் சுருக்கமும் ஆஞ்சியோகிராம் பதிவும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் அல்ல.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன்.

வேலூருக்குப் போய்ப் பாருங்கள். ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1900-ல் தொடங்கிய மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் விடுதிப் பலகைகள் வங்காள எழுத்தில் இருக்கின்றன. கொல்கத்தாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்த மனைவிமார்களும் கணவன்மார்களும் அந்த வாசல்களில் நிற்கிறார்கள். சென்னை சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் அரசு பொது மருத்துவமனையில், திருப்பூரிலும் கோவையிலும் ஓசூரிலும், சாரத்திலிருந்து விழுந்த வட நாட்டுக் கொத்தனாரின் மனைவி ஒரு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கவுன்டர் என்று தெரியாமல் நிற்கிறாள். அவளைப் பார்த்தபடிதான் நாம் இத்தனை வருடம் கடந்து போயிருக்கிறோம்.

இந்தியோ வங்காளமோ ஒடியாவோ தெரிந்த வாசகர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறீர்கள். ரயில்வேயிலும் வங்கியிலும் ராணுவத்திலும் வட நாட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் ஊர் மருத்துவமனைக்கு வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் போய் உட்கார முடியுமா? அந்தப் பையன் எனக்குச் செய்த மாதிரி, மருத்துவர் சொன்னதை அவர்கள் மொழியில் நாலு வாக்கியமாகச் சொன்னால் போதும். முடியும் என்பவர்கள் ஊரையும் தெரிந்த மொழியையும் அலுவலகத்துக்கு எழுதுங்கள். மருத்துவமனைகளோடு பேசி அனுமதி வாங்குவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இந்த இதழின் நடுப்பக்கத்தில் வெட்டி எடுத்துக்கொள்ள ஒரு தாள் வைத்திருக்கிறோம். பெயர், வயது, இரத்த வகை, நோய்கள், மாத்திரைகளும் அளவும், ஒத்துக்கொள்ளாத மருந்து, காப்பீட்டு எண், கூப்பிட வேண்டிய இருவர் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிட்டிருக்கிறது. இரண்டு பிரதிகள் இருக்கின்றன. உங்களுடையதை உங்கள் துணையும், துணையினுடையதை நீங்களும் எழுதுங்கள். எந்த வரியில் பேனா நிற்கிறதோ அதை அப்போதே அவரிடம் கேட்டு எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்